இரண்டு தகடுகளுக்கு நடுவே ஒரு சொட்டு: அதிர்விலிருந்து மின்சாரம் எப்படி வருகிறது?

குன்னூர், கோத்தகிரி பக்கம் எந்தத் தேயிலைத் தொழிற்சாலைக்குள் நுழைந்தாலும் இரைச்சல் காதை அடைக்கும். அதோடு தரையின் நடுக்கமும் உள்ளங்காலில் ஏறும். பச்சை இலையை வாட்டும் தொட்டிகளுக்குக் காற்று தள்ளும் விசிறிகள் இரவெல்லாம் ஓடும். சிடிசி உருளைகள் இலையை நசுக்கும், சல்லடைகள் ஆடும். இந்த நடுக்கம் முழுவதும் தொழிற்சாலை காசு கொடுத்து வாங்கிய மின்சாரத்தின் ஒரு பகுதி. அது கடைசியில் சத்தமாகவும் வெப்பமாகவும் கரைந்து போகிறது.

அதில் ஒரு துளியைத் திரும்பப் பிடிக்க முடியுமா? முடியும். அதற்குப் பல வழிகள் உண்டு. இந்தக் கட்டுரை பேசப்போவது அவற்றில் எனக்கு மிகவும் பிடித்த ஒன்றைப் பற்றி: இரண்டு தகடுகளுக்கு நடுவே ஒரு திரவச் சொட்டை வைத்து, அது அமுங்கி விரிவதிலிருந்து மின்சாரம் எடுப்பது. பிளஸ் டூ இயற்பியலில் மின்தேக்கி பாடம் நினைவில் இருந்தால் போதும். இல்லாவிட்டாலும் பரவாயில்லை, அதையும் இங்கேயே பார்த்துவிடலாம்.

முதலில் அளவைச் சொல்லிவிடுகிறேன். இந்த வழியில் வீட்டு பல்பு எரியாது, மின்கட்டணம் குறையாது. கிடைப்பது மைக்ரோவாட் கணக்கு, அதாவது ஒரு வாட்டைப் பத்து லட்சமாகப் பிரித்தால் வரும் பங்குகளில் சில நூறு. அவ்வளவு சிறியதை வைத்து என்ன செய்வது என்று கேட்டால், மலையில் இருப்பவர்களுக்குப் பதில் தெரியும். ஜூலை மாதம் தேவாலா, பந்தலூர் பக்கம் வெயில் முகம் காட்டாமல் நாட்கள் போகும். சோலார் தகடு நனைந்தபடி சும்மா இருக்கும். பாலத்தின் அடியிலோ, இயந்திரத்தின் உட்புறத்திலோ பொருத்திய சிறு உணர்கருவிக்கு பேட்டரி மாற்ற ஒவ்வொரு முறையும் ஒருவர் போய் ஏற வேண்டும், இல்லையென்றால் இயந்திரத்தை நிறுத்த வேண்டும். இத்தகைய கருவிகள் தின்பது மிகக் குறைவு. அவற்றுக்கு வேண்டியது குறைவானாலும் நிற்காமல் வரும் மின்சாரம்.

அதிர்விலிருந்து மின்சாரம் எடுப்பது புதிதல்ல. மைக்கேல் ஃபாரடே 1831-இல் காட்டியபடி, கம்பிச் சுருளுக்குள் காந்தம் ஆடினால் மின்னோட்டம் வரும். 1880-இல் பியர் கியூரியும் அவர் அண்ணன் ஜாக் கியூரியும் சில படிகங்களை அழுத்தினால் அவற்றின் முகங்களில் மின்னூட்டம் தோன்றுவதைக் கண்டார்கள். கேஸ் அடுப்பு பற்றவைக்கும் லைட்டரில் டக்கென்று பொறி பறப்பது அதனால்தான். இரண்டும் நல்ல வழிகள், ஆனால் இரண்டுக்கும் சங்கடங்கள் உண்டு. காந்தச் சுருளை மிகச் சிறியதாக்கினால், அதுவும் மெதுவான ஆட்டத்தில், கிடைக்கும் மின்னழுத்தம் அற்பமாகிவிடும். அழுத்தமின் படிகங்கள் விறைப்பானவை. அவற்றை ஒரு சிறு பட்டையில் ஒட்டி ஆடவிடுவார்கள். அந்தப் பட்டை தனக்குரிய ஒரே ஒரு வேகத்தில்தான் நன்றாக ஆடும். பாலத்தின் மேல் லாரி போகும்போது வரும் ஆட்டமோ நொடிக்குச் சில தடவைதான், அதுவும் ஒழுங்கில்லாமல். தவிர, பீங்கான் போன்ற பொருள் லட்சக்கணக்கான முறை வளைந்தால் விரிசல் விடும்.

திரவத்துக்கு விரிசல் விழாது. எவ்வளவு மெதுவாக அழுத்தினாலும் அமுங்கும், விட்டால் திரளும். அதனால்தான் சொட்டு.

சொட்டு உண்மையில் என்ன செய்கிறது?

இதை வீட்டில் பார்த்துவிடலாம். இரண்டு சிறு கண்ணாடித் துண்டுகள் எடுங்கள். ஒன்றின் மேல் பீட்ரூட் சாறு ஒரு சொட்டு விட்டு, மற்றதை மேலே வைத்து ஓரங்களில் மெல்லிய அட்டைத் துண்டுகளால் சிறு இடைவெளி கொடுங்கள். மேல் கண்ணாடியை விரலால் லேசாக அழுத்தினால் சிவப்பு வட்டம் பெரிதாகும், விட்டால் சிறிதாகும். திரவத்தின் கன அளவு மாறாததால், இடைவெளி பாதியானால் வட்டத்தின் பரப்பு இரண்டு மடங்காக வேண்டும். இருபது கன மில்லிமீட்டர் சொட்டு ஒன்று 2 மி.மீ. இடைவெளியில் ஏறத்தாழ 10 சதுர மி.மீ. இடத்தைத் தொடும், இடைவெளி 1 மி.மீ. ஆகும்போது 20 சதுர மி.மீ. தொடும். மேலும் கீழுமான அசைவு, தொடும் பரப்பின் ஏற்ற இறக்கமாக மாறிவிட்டது. இந்தக் கருவியில் இயங்கும் பாகம் என்று சொன்னால் இவ்வளவுதான்.

இப்போது மின்சாரத்துக்கு வருவோம். மின்தேக்கி என்பது இரண்டு கடத்திகளும் அவற்றுக்கு நடுவே ஒரு மின்காப்புப் படலமும். ஒரு வோல்ட்டுக்கு அதில் எவ்வளவு மின்னூட்டம் தங்கும் என்பதே அதன் தேக்குதிறன். அது மூன்றைப் பொறுத்தது: கடத்திகள் எதிரெதிரே இருக்கும் பரப்பு, படலத்தின் கனம், படலம் என்ன பொருள் என்பது. பரப்பு கூடினால் தேக்குதிறன் கூடும், படலம் மெலிந்தாலும் கூடும்.

நம் கருவியில் கீழே ஒரு உலோகத் தகடு. அதன் மேல் ஒரு மெல்லிய காப்புப் படலம். அதற்கு மேல் சொட்டு. சொட்டு உப்பு கலந்த நீராகவோ திரவ உலோகமாகவோ இருப்பதால் அது மின்சாரத்தைக் கடத்தும். ஆகவே சொட்டே மின்தேக்கியின் இன்னொரு தகடு! மேல் தகடு சொட்டைத் தொட்டு இணைப்புக் கம்பியின் வேலையைச் செய்கிறது. சொட்டு விரிந்தால் தேக்குதிறன் கூடும், திரண்டால் குறையும். தன் பரப்பைத் தானே மாற்றிக்கொள்ளும் மின்தேக்கி இது.

இதைச் சுற்றோடு இணைத்து ஒரு நிலையான மின்னழுத்தம் கொடுத்துவிட்டால் என்ன ஆகும்? தேயிலை வாட்டும் தொட்டியை எண்ணிப் பாருங்கள். கொழுந்தை ஒரே கனத்தில்தான் பரப்ப வேண்டும் என்பது விதி. தொட்டியின் பக்கச் சுவரை நகர்த்தி அகலமாக்கினால் இன்னும் கொஞ்சம் கொழுந்தைக் கொண்டுவந்து கொட்ட வேண்டியிருக்கும்; சுவரை உள்ளே தள்ளினால் அதே அளவு கொழுந்து வெளியே சரியும். கொழுந்தின் கனம் மின்னழுத்தம், தொட்டியின் அகலம் தேக்குதிறன், கொழுந்து மின்னூட்டம். சொட்டு விரியும்போதெல்லாம் மின்னூட்டம் கம்பி வழியே உள்ளே வரும், சுருங்கும்போதெல்லாம் வெளியே போகும். முன்னும் பின்னுமாக ஓடும் அந்த மின்னூட்டம்தான் மாறுதிசை மின்னோட்டம். வழியில் ஒரு மின்தடையை வைத்தால் அதில் ஆற்றல் கிடைக்கும். டயோடுகளை வைத்து ஒரே திசைக்குத் திருப்பினால் சேமிக்கலாம்.

ஆற்றலை யார் தருகிறார்கள்?

இந்த இடத்தில்தான் பலருக்குக் குழப்பம் வருகிறது. "நீரிலிருந்து மின்சாரம்" என்று தலைப்புப் போட்டு இது செய்தியாகும்போது, நீருக்குள் ஏதோ எரிபொருள் இருப்பதுபோல் தோன்றிவிடுகிறது. சொட்டு எதையும் தருவதில்லை. ஆண்டுக்கணக்கில் ஓடினாலும் அது அதே சொட்டாகத்தான் இருக்கும். நிலையான மின்னழுத்தம் தரும் பேட்டரியும், படலம் கசியாத வரை, சொட்டு விரியும்போது கொடுத்ததைச் சுருங்கும்போது திரும்பப் பெற்றுக்கொள்கிறது. ஒரு முழுச் சுற்றில் அதற்கு வரவும் இல்லை, செலவும் இல்லை.

ஆற்றல் வருவது அதிர்விலிருந்துதான். எப்படி என்பதை ஒரு பழைய கண்டுபிடிப்பு சொல்லும். 1875-இல் பாரிஸில் காப்ரியேல் லிப்மான், நுண்ணிய கண்ணாடிக் குழாயில் பாதரசமும் நீர்த்த அமிலமும் சந்திக்கும் இடத்தில் சிறு மின்னழுத்தம் கொடுத்தால் பாதரசத்தின் மட்டம் நகர்வதைக் கண்டு, அதை அளந்து, விதியாக எழுதினார். மின்னழுத்தம் திரவத்தின் பரப்பு இழுவிசையை மாற்றுகிறது. இதை வைத்து அவர் செய்த நுண்குழாய் மின்னளவி மிகச் சிறிய மின்னழுத்தங்களையும் காட்டியது; 1887-இல் லண்டனில் அகஸ்டஸ் வாலர் மனித இதயத்தின் மின்துடிப்பை முதன்முதலாகப் பதிவு செய்தது இந்தக் கருவியைக் கொண்டுதான். லிப்மான் 1908-இல் நோபல் பரிசு பெற்றது வண்ணப் புகைப்படத்துக்காக. நம் மலைரயில் ஊட்டிவரை வந்து சேர்ந்த ஆண்டும் அதுவே.

மின்னழுத்தம் கொடுத்தால் திரவம் நகர்கிறது என்றால், திரவத்தை நகர்த்தினால் மின்னோட்டம் வர வேண்டும். லிப்மானே இந்த மறுபக்கத்தையும் அறிந்திருந்தார். நம் சொட்டில் நடப்பது இதுதான்: மின்னழுத்தம் இருக்கும்போது காப்புப் படலம் சொட்டைத் தன் மேல் விரிந்து ஒட்டும்படி இழுக்கிறது. விரிந்த சொட்டைத் திரும்பச் சுருங்க வைக்க, மின்னழுத்தம் இல்லாதபோது ஆகும் உழைப்பைவிடச் சற்று அதிக உழைப்பு தேவை. அந்த அதிகப்படியான உழைப்பைத் தகட்டை ஆட்டும் அதிர்வு செலுத்துகிறது. செலுத்தியது மின்சாரமாக வெளியே வருகிறது. கருவியைப் பொருத்திய இடத்தில் அதிர்வு ஒரு இம்மியளவு அடங்கும். இலவசமாக எதுவும் வரவில்லை.

லிப்மானின் காலத்தில் ஒரு தடை இருந்தது. உலோகத்தை நேரடியாகத் தொடும் நீரில் 1.23 வோல்ட்டுக்கு மேல் போனால் நீரே ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரியத் தொடங்கிவிடும். 1993-இல் பிரான்சில் புரூனோ பெர்ஜ் உலோகத்துக்கும் நீருக்கும் நடுவே மெல்லிய காப்புப் படலம் ஒன்றை வைத்தார். அதன்பின் பத்து, நூறு வோல்ட் என்று ஏற்றலாம். மின்னழுத்தத்தால் வளைவை மாற்றிக்கொள்ளும் திரவ லென்சுகள் இதிலிருந்தே வந்தன.

2011-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின்–மேடிசன் பல்கலைக்கழகத்தின் டாம் குருபென்கினும் ஆஷ்லி டெய்லரும் இந்த அமைப்பைத் தலைகீழாகத் திருப்பி, ஆற்றல் எடுக்கும் கருவியாகவே முன்வைத்தார்கள். இரண்டு தகடுகளுக்கு நடுவே சொட்டை அமுக்குவது, தகடுகளைப் பக்கவாட்டில் நகர்த்துவது, நுண்ணிய குழாயில் வரிசையாகச் சொட்டுகளை ஓட்டுவது என்று மூன்று வகைகளைக் காட்டினார்கள். படலப் பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு ஆயிரம் வாட் வரை கிடைக்கலாம் என்பது அவர்கள் சொன்ன அளவு. கேட்க மலைப்பாக இருக்கும். ஆனால் ஒரு சதுர மீட்டர் படலத்தை நிரப்ப எத்தனை ஆயிரம் சொட்டுகள் வேண்டும், அத்தனையையும் ஒருசேர ஆட்ட எவ்வளவு விசை வேண்டும் என்று யோசித்தால் கால் தரையில் நிற்கும். அவர்கள் மனத்தில் இருந்த முக்கியமான பயன் காலணி: நடக்கும்போது குதிகால் அழுத்துவதிலிருந்து மின்சாரம் எடுப்பது.

ஒரு சொட்டு எவ்வளவு தரும்?

கணக்குப் போட்டுப் பார்க்காமல் இந்த விஷயத்தில் எதையும் நம்ப வேண்டாம் என்பது என் கருத்து. நாமே போடுவோம்.

காப்புப் படலமாக டாண்டலம் ஆக்சைடு, கனம் 100 நானோமீட்டர். ஒரு தலைமுடியின் கனத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இராது. இதற்கு ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 0.2 மைக்ரோஃபாரட் தேக்குதிறன் வரும். நம் சொட்டின் பரப்பு 10-க்கும் 20-க்கும் இடையே ஏறி இறங்குகிறது, அதாவது 10 சதுர மி.மீ. மாற்றம். அப்படியானால் தேக்குதிறன் மாற்றம் 0.02 மைக்ரோஃபாரட். மின்னழுத்தம் 30 வோல்ட் என்போம். தேக்குதிறனை மின்னழுத்தத்தின் வர்க்கத்தால் பெருக்கிப் பாதியாக்கினால் ஒரு சுற்றுக்கு 9 மைக்ரோஜூல். ஜூல் ஆற்றலின் அலகு; நொடிக்கு ஒரு ஜூல் என்றால் ஒரு வாட்.

நிமிடத்துக்கு 1,440 முறை சுழலும் சாதாரண மோட்டாரில் விசிறி ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 24 சுற்று. ஒன்பதை இருபத்துநான்கால் பெருக்கினால் 216 மைக்ரோவாட்.

இது காகிதத்தில். டயோடுகளில் கொஞ்சம் போகும், சொட்டு படலத்தில் ஒட்டிக்கொள்வதால் கொஞ்சம் போகும், படலத்துக்கு மேல் நீர் ஒட்டாத பூச்சு ஒன்று வேண்டியிருப்பதால் தேக்குதிறன் குறைந்து இன்னும் கொஞ்சம் போகும். பத்தில் ஒரு பங்கே கைக்கு வருகிறது என்று கறாராக வைத்துக்கொண்டால் 21 மைக்ரோவாட் சொச்சம். ஒரு வெப்ப உணர்கருவி தூங்கும் நிலையில் 10 மைக்ரோவாட் தின்னும் என்றால் மிச்சம் 11. நீண்ட தூரம் போகும் சிறு வானொலிச் செய்தி ஒன்றை அனுப்ப 50 மில்லிஜூல் ஆகலாம். ஆக, ஒரே சொட்டு ஏறக்குறைய ஒன்றே கால் மணி நேரத்துக்கு ஒரு செய்தி அனுப்பத் தேவையானதைச் சேர்த்துக் கொடுக்கும். பத்துச் சொட்டுகள் இருந்தால் நான்கு நிமிடத்துக்கு ஒன்று. தூங்குவதற்கான செலவு ஒரே அளவுதான் என்பதால், சொட்டுகள் கூடும்போது பலன் அதைவிட வேகமாகக் கூடுகிறது.

ஒன்றைக் கவனியுங்கள். நல்ல நிலையில் இருக்கும் விசிறியின் சட்டம் ஒரு மி.மீ. ஆடாது. அதற்காக மேல் தகட்டை ஒரு சிறு எடையோடு ஸ்பிரிங்கில் தொங்கவிட்டு, அந்த ஸ்பிரிங் நொடிக்கு 24 முறை ஆடும்படி அமைக்க வேண்டும். அப்போது சட்டத்தின் மிகச் சிறிய நடுக்கமும் தகட்டில் பெரிதாகத் தெரியும். ஒரே வேகத்தில் ஓடும் இயந்திரத்தில் இது எளிது.

அந்த 30 வோல்ட் எங்கிருந்து?

மேலே "நிலையான மின்னழுத்தம் கொடுத்துவிட்டால்" என்று சாதாரணமாகச் சொல்லிப் போனேன். மின்சாரம் இல்லாத இடத்துக்கு மின்சாரம் எடுக்கப் போகும் கருவிக்கு முதலில் மின்சாரம் கொடுக்க வேண்டும் என்றால் எரிச்சல் வரும். நியாயம்தான். இதற்கு மூன்று விதமாக விடை தேடியிருக்கிறார்கள்.

சேமித்த ஆற்றலில் ஒரு பகுதியையே திருப்பி, மின்னழுத்தத்தை ஏற்றும் சிறு சுற்று ஒன்றின் மூலம் சொட்டுக்குக் கொடுப்பது ஒன்று. தொடங்கிவைக்க மட்டும் ஒரு சிறு பேட்டரி போதும்.

இன்னொன்று எலெக்ட்ரெட். காந்தம் தன் காந்தத்தைத் தக்கவைப்பதுபோல, சில பிளாஸ்டிக் படலங்களுக்குள் செலுத்திய மின்னூட்டம் பல ஆண்டுகள் அங்கேயே தங்கும். 1962-இல் பெல் ஆய்வகத்தில் கெர்ஹார்ட் செஸ்லரும் ஜேம்ஸ் வெஸ்ட்டும் இப்படிப்பட்ட படலத்தை வைத்து ஒலிவாங்கி செய்தார்கள். பிறகு பல பத்தாண்டுகள் தொலைபேசிகளிலும் டேப்ரெக்கார்டர்களிலும் இருந்தது அந்த வகைதான். காப்புப் படலமே எலெக்ட்ரெட்டாக இருந்தால் வெளியிலிருந்து மின்னழுத்தம் வேண்டாம். மலைமேல் யாரும் தொடாமல் கிடக்கும் கருவிக்கு இதுவே பொருத்தம் என்று நினைக்கிறேன்.

மூன்றாவது, நீரே தரும் மின்னூட்டத்தைப் பயன்படுத்துவது. எந்தத் திடப்பொருளைத் தொட்டாலும் நீரில் உள்ள அயனிகள் அதன் மேற்பரப்பில் அணிவகுக்கும். மேற்பரப்பில் ஒருவகை மின்னூட்டம், ஒரு நானோமீட்டர் அளவு தள்ளி நீரில் எதிர்வகை மின்னூட்டம். இதை மின் இரட்டை அடுக்கு என்பார்கள். 2013-இல் தென்கொரியாவின் பூசான் தேசியப் பல்கலைக்கழகத்தினர் இரண்டு கடத்தும் தகடுகளுக்கு நடுவே ஒரு நீர்ப்பாலத்தை வைத்து, ஒரு தகட்டுக்கு மட்டும் டெஃப்ளான் பூசி, இடைவெளியை மாற்றி மாற்றி ஆட்டினார்கள். இரண்டு பக்கமும் இரட்டை அடுக்கு வேறு வேறு மாதிரி இருப்பதால் மின்னோட்டம் வந்தது. நான்ஸ்டிக் தோசைக்கல்லில் இருக்கும் அதே டெஃப்ளான்தான்.

இரட்டை அடுக்கின் தேக்குதிறன் பிரமாதமானது: சதுர சென்டிமீட்டருக்கு 10 முதல் 20 மைக்ரோஃபாரட், டாண்டலம் ஆக்சைடு படலத்தைப்போல ஐம்பது முதல் நூறு மடங்கு. ஆனால் உலோகத்தை நீர் நேராகத் தொடும்போது ஒரு வோல்ட்டை அதிகம் தாண்ட முடியாது. ஆற்றல் மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடு போவதால், 30 வோல்ட் தாங்கும் படலம் 900 மடங்கு கொடுக்கும். நூறு மடங்கை இழந்து தொள்ளாயிரம் மடங்கைப் பெறுகிறோம். படலம் வைப்பதன் லாபம் இதுதான்.

மழைச் சொட்டுக்கும் இது பொருந்துமா?

நீலகிரியில் சொட்டு என்றாலே மழைதானே நினைவுக்கு வரும். 2020-இல் ஹாங்காங் நகரப் பல்கலைக்கழகத்தில் இதற்குப் பக்கத்து உறவான ஒன்றைச் செய்து காட்டினார்கள். டெஃப்ளான் பூசிய தகட்டில் 100 மைக்ரோலிட்டர் சொட்டு 15 செ.மீ. உயரத்திலிருந்து விழுந்தபோது 140 வோல்ட்டுக்கு மேல் எழுந்தது; நூறு சிறு எல்.இ.டி. விளக்குகள் மின்னின. அங்கும் சொட்டு விரிந்து சுருங்குவதுதான் அடிப்படை. மின்னின என்றேன், எரிந்தன என்று சொல்லவில்லை: அது கண நேரத்து வெளிச்சம். விழுந்த சொட்டில் இருந்த மொத்த ஆற்றலே ஒரு மில்லிஜூலில் ஏழில் ஒரு பங்கு.

இதை நம் மழைக்குப் போட்டுப் பார்ப்போம். ஆண்டுக்கு 3,000 மி.மீ. மழை பெய்யும் இடத்தில் ஒரு சதுர மீட்டரில் 3,000 கிலோ நீர் விழுகிறது. பெரிய துளிகள் நொடிக்கு 8 மீட்டர் வேகத்தில் விழும். ஆண்டு முழுவதும் விழும் அத்தனை துளிகளின் இயக்க ஆற்றலையும் சிந்தாமல் பிடித்தால்கூட ஒரு யூனிட்டில் நாற்பதில் ஒரு பங்குக்கு மேல் தேறாது. அதே 3,000 கிலோ நீரைத் தேக்கி, சுமார் 900 மீட்டர் கீழே குழாயில் இறக்கினால் ஏழு யூனிட்டுக்கு மேல் வரும். 1932-இல் தொடங்கிய பைக்காரா மின்நிலையம் செய்வது அதைத்தான். மழைக்கு அணையே சரி. சொட்டுக் கருவியை மழையில் வைக்கலாம், ஆனால் மழை பெய்கிறது என்று தானே சொல்லும் மழைமானியாக, மின்நிலையமாக அல்ல.

எந்தத் திரவம்?

கருவி ஆய்வகத்தை விட்டு வெளியே வருவதில் பெரிய சிக்கல் இங்கேதான். தண்ணீர் மலிவு, ஆனால் ஆவியாகிவிடும். இருபது கன மில்லிமீட்டர் நீர் திறந்த காற்றில் ஒரு பொழுதுக்குத் தாங்காது. மூடி முத்திரையிட்டாலும், டிசம்பர், ஜனவரியில் ஊட்டி, தலைக்குந்தா புல்வெளிகளில் உறைபனி விழும்போது உறையக்கூடும்.

பாதரசம் ஆவியாவது குறைவு, மைனஸ் 38 டிகிரிவரை உறையாது, நன்றாகக் கடத்தும், படலத்தில் ஒட்டாது. 2011 ஆய்விலும் அது இருந்தது. ஆனால் இந்த மலைகளில் பாதரசக் கருவி வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன். கொடைக்கானலில் தெர்மாமீட்டர் ஆலை ஒன்று 2001-இல் மூடப்பட்டது. அங்கிருந்து மண்ணிலும் சோலைக்காட்டிலும் சேர்ந்த பாதரசத்தைப் பற்றி அதன்பின் எத்தனை ஆண்டுகள் பேச வேண்டியிருந்தது என்பது பழனி மலைக்காரர்களுக்குத் தெரியும். ஆயிரக்கணக்கான சிறு பெட்டிகளில் பாதரசத்தைப் போட்டுப் பாலங்களில் மாட்டுவது அதே தவறை மெதுவாகச் செய்வதாகும்.

காலியம், இண்டியம், வெள்ளீயம் கலந்த காலின்ஸ்டான் என்ற திரவ உலோகம் நச்சில்லாதது. அதற்கு வேறு குறை: காற்று பட்டவுடன் மேலே ஆக்சைடு தோல் படிந்து, தொட்ட இடத்திலெல்லாம் ஒட்டும். உப்பே திரவமாக இருக்கும் அயனித் திரவங்கள் கிட்டத்தட்ட ஆவியாவதே இல்லை. அவற்றின் குறை பிசுபிசுப்பு, அதனால் வேகமாக ஆடாது. கிளிசரின் கலந்த உப்புநீர் மலிவான சமரசம். நொடிக்கு 24 முறை ஆட வேண்டும் என்றால் பிசுபிசுப்பைக் கவனித்துத்தான் கலக்க வேண்டும்.

திரவம் எதுவானாலும் படலம்தான் முதலில் கெடும். கண்ணுக்குத் தெரியாத ஒரு ஊசித்துளை இருந்தால் போதும், 30 வோல்ட்டில் அந்த இடத்தில் நீர் உலோகத்தைத் தொட்டு, மின்னாற்பகுப்பு தொடங்கி, குமிழி வந்து, கருவி முடிந்தது. துளை இல்லாவிட்டாலும் நாளாக நாளாக மின்னூட்டம் படலத்துக்குள் புகுந்து சிக்கிக்கொள்ளும். சொட்டு உணரும் மின்னழுத்தம் குறைந்துகொண்டே வரும். சொட்டின் விளிம்பு படலத்தின் சிறு கரடுமுரடில் மாட்டிக்கொண்டு விரிய மறுப்பதும் உண்டு. சுற்றிலும் சிலிக்கோன் எண்ணெய் நிரப்பினால் சொட்டு வழுக்கும், ஆவியாவதும் நிற்கும். பதிலுக்கு எண்ணெயை ஒதுக்கித்தள்ள அதிர்வு கொஞ்சம் உழைக்க வேண்டும். ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்றில் செலவு. ஆய்வு நடப்பது இந்த இழுபறியில்தான்.

மலையில் எங்கே வைக்கலாம்?

முதலில் வைக்கக் கூடாத இடத்தைச் சொல்கிறேன். 2009 நவம்பர் மண்சரிவுகளில் நீலகிரியில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சரிவுகளில் எச்சரிக்கைக் கருவிகள் வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் மண் அதிர்வதில்லை. ஈரமேறி ஊறி, ஒரு நாள் நகர்கிறது. அங்கே அதிர்வை நம்பினால் தேவைப்படும் இரவில் கருவி தூங்கிக்கொண்டிருக்கும். சரிவுக்குப் பெரிய பேட்டரியும், வெயில் நாட்களில் அதை நிரப்பும் சோலார் தகடுமே சரி.

மலைரயில் பாலங்கள் என்றால் ஆசையாக இருக்கும். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிவரை 46 கி.மீ. பாதையில் 250 பாலங்கள். ஆனால் நாளுக்குச் சில வண்டிகள்தான். ஒவ்வொன்றும் ஒரு பாலத்தின் மேல் இருப்பது சில நொடிகள். மற்ற நேரமெல்லாம் சொட்டு அசையாது. மலைச்சாலைப் பாலம் பரவாயில்லை. சீசனில் பர்லியாறு வழியாக இரவு பகலாக வண்டிகள் ஏறும். அந்த ஆட்டம் மெதுவானது, ஒழுங்கற்றது. படிகத்தைவிடத் திரவம் அங்கே தோதாக இருக்கும்.

என்னைக் கேட்டால் முதல் கருவியைத் தேயிலைத் தொழிற்சாலையின் விசிறிச் சட்டத்தில் மாட்டுவேன். கூரைக்குக் கீழே இருப்பதால் பனியும் மழையும் படாது. இலை வாடும் நேரமெல்லாம் விசிறி ஒரே வேகத்தில் ஓடும், ஸ்பிரிங்கை ஒருமுறை அமைத்தால் போதும். கருவி அளக்க வேண்டியதும் அங்கேயே இருக்கிறது: தொட்டியின் வெப்பம், ஈரப்பதம். இவற்றைச் சரியாகப் பார்ப்பதில்தான் தேயிலையின் தரம் பாதி அடங்கியிருக்கிறது. இன்னொரு பயனும் தனியாகச் செலவில்லாமல் வரும். பேரிங் தேயத் தொடங்கினால் விசிறி கூடுதலாக ஆடும், சொட்டு அதிகம் விரியும், மின்சாரம் கூடும். செய்தி அனுப்பும் இடைவெளி திடீரென்று குறைந்தால் ஃபிட்டர் போய் அந்த விசிறியைத் திறந்து பார்க்க வேண்டும்.